பின்கழுத்து வலிக்காத பதினொரு வருடங்கள்

எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது என்று நாற்பத்தோரு வயதில் சொன்னார்கள். ஐம்பத்திரண்டில் இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. நடுவில் இருந்த பதினொரு வருடமும் எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். யார் கேட்டாலும் அப்படித்தான் சொன்னேன். அது பொய் இல்லை, நம்பித்தான் சொன்னேன். என் மகள் கோமதி இதையெல்லாம் எழுதிவை என்கிறாள். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். படிப்பவர்களுக்கு என் மேல் இரக்கம் வர வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. முழுவதும் படித்தால் வராது.

திருத்தணியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். கே.ஜி.கண்டிகைப் பக்கத்திலிருந்தும் ஆந்திர எல்லை ஊர்களிலிருந்தும் விவசாயிகள் எரிந்துபோன போர்வெல் மோட்டார்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். என் மனைவி சுகுணா கடையில் உட்கார்ந்து பழைய காயிலிலிருந்து செம்புக் கம்பியைப் பிரித்துக் கட்டுவாள், ரசீது எழுதுவாள். அவள் என் தாய்மாமன் மகள். சின்ன வயதிலிருந்து என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணத்துக்குப் பிறகும் அது மாறவில்லை.

நாற்பத்தோரு வயதில் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, பிடுங்கப் போனேன். பல் மருத்துவர் முதலில் கையில் பட்டையைக் கட்டி அளந்தார். நூற்று எழுபது, நூறு. "இத வெச்சுகினு பல்லப் புடுங்க முடியாதுங்க" என்று திருப்பி அனுப்பினார். மேலே உள்ள எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாயில் உண்டாகும் அழுத்தம், கீழே உள்ளது அது தளரும்போது மிச்சம் இருப்பது. மேலே நூற்று நாற்பதையும் கீழே தொண்ணூறையும் தாண்டக் கூடாது. இதைப் பொது மருத்துவர் தாளில் வரைந்து காட்டி, தினமும் காலையில் ஒரு மாத்திரை, ஆயுசு முழுக்க, என்றார்.

ஒரு மாதம் போட்டேன். பல்லைப் பிடுங்கினார்கள். அதன்பின் உடம்பில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தலை சுற்றவில்லை, மயக்கம் இல்லை. ஐந்து ஹெச்.பி. மோட்டாரைத் தனியாகத் தூக்கி மேசைமேல் வைத்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோது மருந்து எதற்கு என்று தோன்றியது. எப்போதாவது வாடிக்கையாளரோடு சண்டை வந்தால் பின்கழுத்து இழுத்துப் பிடிக்கும், காது சூடாகும். பிரஷர் ஏறினால் எனக்கு இப்படித்தான் காட்டும் என்று நானே முடிவு செய்தேன். அன்றைக்கு ஒரு மாத்திரை போடுவேன். கழுத்து விட்டுவிடும். ஆக, என் உடம்பு எனக்குத் தெரியும். பத்து மாத்திரை உள்ள அட்டை எனக்கு மூன்று மாதம் வந்தது.

வீடு வீடாக வந்து அளக்கும் சுகாதாரப் பெண் இரண்டு தடவை என் கையைப் பிடித்துப் பார்த்தாள். நூற்று எண்பதுக்கு மேல் காட்டியது. முதல் தடவை, இப்போதுதான் வண்டியை விட்டு இறங்கினேன் என்றேன். இரண்டாவது தடவை, உன் மிஷினில் பேட்டரி போய்விட்டது என்றேன். அவள் போன பிறகு சுகுணா கேட்டாள்.

"மோட்டாருக்கு மட்டும் மீட்டரு வெச்சு வெச்சுப் பாக்குற. உனக்கு வெச்சா மீட்டரு ரிப்பேருன்ற."

"மோட்டாரு வாயத் தொறந்து சொல்லாது. எனக்கு ஏறினா எனக்குத் தெரியாதா?"

நான் சொன்னதை அவள் நம்பினாள். அதுதான் பின்னால் அவளுக்கு நடந்ததற்குக் காரணம்.

என் சிறுநீரகம் போவதற்கு நான்கு வருடம் முன்பு, ஆடிக் கிருத்திகைக்கு நாங்கள் இருவரும் மலைக்குப் போய்விட்டுப் படி வழியாக இறங்கினோம். அடிவாரத்தில் ஷாமியானா போட்டு இலவச மருத்துவ முகாம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நாற்காலி காலியாக இருந்ததால் சுகுணா உட்கார்ந்தாள். கால் வலி, அதற்காகத்தான். அங்கிருந்த நர்ஸ் பெண் சும்மா இருக்காமல் அவள் கையில் பட்டையைக் கட்டினாள். அளந்துவிட்டு, ஐந்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி அளந்தாள். நூற்று அறுபத்து நான்கு, நூறு. ஒரு சீட்டில் எழுதி, இந்த வாரத்திலேயே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று என்னிடம் கொடுத்தாள்.

நான் அந்தப் பெண்ணிடம், "படி எறங்கி வந்துகினு கீறா. இந்தக் கூட்டத்துல யாருக்கும் ஏறத்தான் ஏறும்" என்றேன். பிறகு சுகுணாவிடம் கேட்டேன்.

"உனக்குப் பின்கழுத்து புடிக்குதா?"

"இல்ல பாவா."

"காது சுடுதா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப ஒண்ணும் இல்ல, வா."

சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். அது துணியோடு துவைக்கப் போய்விட்டது. நாங்கள் அதைப்பற்றிப் பிறகு பேசவே இல்லை.

ஐம்பத்திரண்டாம் வயதில் சோற்றைப் பார்த்தால் குமட்ட ஆரம்பித்தது. உடம்பெல்லாம் அரிப்பு. காலையில் முகம் உப்பியிருக்கும், மாலையில் அது கால்களுக்கு இறங்கிவிடும். சிறுநீர் நுரைத்துக்கொண்டு போனது. கேஸ் என்று சோடா குடித்தேன். ஒரு நாள் மோட்டாரைத் தூக்கப் போய் மூச்சு வராமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுகுணா கடையை இழுத்துச் சாத்தி, என்னை ஆட்டோவில் ஏற்றி, பிறகு ரயிலேற்றி, சென்னைப் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். அதன் பெயர் வேண்டாம். அங்கே என்னை நன்றாகத்தான் பார்த்தார்கள்.

கையில் கட்டிய பட்டை இருநூற்று இருபது, நூற்று முப்பது என்று காட்டியது. டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"எவ்ளோ வருஷமா பிரஷர் இருக்கு?"

"பதினோரு வருஷமா இருக்குதுங்க. ஆனா கன்ட்ரோல்ல இருக்குதுங்க."

"கடைசியா எப்போ அளந்தீங்க?"

நான் யோசித்தேன். சுகுணாவைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை.

"அளக்காம கன்ட்ரோல்ல இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"ஏறினா எனக்குத் தெரியும் மேடம். பின்கழுத்து புடிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "இப்போ பிடிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "இப்போ இருநூத்தி இருபது" என்றார்.

மூன்று நாள் சோதனைகள். கிரியேட்டினின் என்று ஒன்று பார்த்தார்கள். அது உடம்பு வேலை செய்வதால் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் நன்றாக இருந்தால் வடிகட்டி வெளியே அனுப்பிவிடும், ரத்தத்தில் ஒன்றுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். எனக்குப் பதினொன்று இருந்தது. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிச் சின்னதாகத் தெரிந்தன. கடைசியாகக் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். கண்ணுக்கும் இதற்கும் என்ன என்று நினைத்தேன். அவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துக் கண்ணின் பின்பக்கத்தைப் பார்த்தார். உடம்பில் ரத்தக் குழாயை வெட்டாமல் நேராகப் பார்க்கக்கூடிய இடம் அது ஒன்றுதானாம். "இது இன்னிக்கி நேத்து வந்தது இல்ல. பல வருஷமா அழுத்தம் அடிச்சு அடிச்சுக் குழாய் எல்லாம் தடிச்சுப் போச்சு" என்றார். என் பதினொரு வருடத்தையும் அவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டார். எனக்கு உள்ளேயே இருந்தும் தெரியவில்லை.

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, மிஷினில் கழுவி, திருப்பி உள்ளே விடுவது. நான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று தடவை. பிறகு இடக் கையில் ஓர் அறுவை சிகிச்சை செய்து ரத்தநாளங்கள் இரண்டை ஒன்றாகத் தைத்தார்கள். ஊசி குத்த வசதியாக அது விரல் தடிமனுக்கு வீங்கியது. தொட்டால் உள்ளே மோட்டார் ஓடுவதுபோல் அதிரும்.

ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு நாளும் தாகம்தான் பெரிய வேதனை. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீருக்குமேல் கூடாது. குழம்பு, மோர், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. சுகுணா ஈரத் துணியால் என் உதட்டைத் துடைப்பாள். என் முன்னால் அவள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தாகம் எடுத்தால் எழுந்து வெளியே போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். எனக்குத் தெரிந்துவிட்டது. "எங்க போன? நல்லாக் குடிச்சியா?" என்று கேட்பேன். குத்திக் காட்டத்தான் கேட்பேன். அவள் என் காலைப் பிடித்துவிடுவாள். இரண்டு நாள் கழித்து அவள் வெளியே போவதையும் குறைத்துக்கொண்டாள்.

சிறுநீரகம் மாற்றிவைக்கலாம், வீட்டில் யாராவது கொடுத்தால், என்றார் டாக்டர். கோமதி பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். அப்போது இரண்டாவது பிள்ளைக்கு ஆறு மாதம். "நான் தரேன் நைனா" என்றாள். சுகுணா அவளைப் பேசவிடவில்லை.

"பால் குடிக்கிற புள்ளய வெச்சுகினு இன்னா பேசற நீ? என்னுத எடுத்துக்கட்டும். எனக்கு இன்னா நோவா நொடியா?"

ரத்த வகை பொருந்தியது. அன்றைக்குச் சுகுணா சந்தோஷமாக இருந்தாள். உறவுக்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்னாள். "எனக்கும் பாவாவுக்கும் ஒரே ரத்தம்" என்று அவள் சொல்லும்போது பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுடைய பிரஷரை அளந்தார்கள். நூற்றுத் தொண்ணூறு, நூற்றுப் பத்து.

ஆஸ்பத்திரி பயத்தில் சிலருக்கு இப்படிக் காட்டும் என்று டாக்டரே சொன்னார். அதைச் சரிபார்க்க ஒரு சின்ன மிஷினை அவள் இடுப்பில் மாட்டி, கையில் பட்டையைக் கட்டி, ஒரு நாள் முழுவதும் வீட்டில் அப்படியே இருக்கச் சொன்னார்கள். அரை மணிக்கு ஒரு தடவை பட்டை தானாகவே காற்றேறி இறுகும், அளந்து பதிந்துகொள்ளும். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, தூங்கும்போது. மறுநாள் டாக்டர் தாளை விரித்து வைத்தார். ஒரு தடவைகூட நூற்று அறுபதுக்குக் கீழே வரவில்லை. தூங்கும்போதும் நூற்று எழுபது. சிறுநீரில் புரதம் போயிருந்தது. அப்படியென்றால் அவளுடைய சிறுநீரகமும் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"இவங்ககிட்ட எடுக்க முடியாது. முதல்ல இவங்களுக்கு வைத்தியம் பாக்கணும்" என்றார் டாக்டர். "இதுக்கு முன்னாடி எப்பவாவது அளந்திருக்கீங்களாம்மா?"

சுகுணா என்னைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். பிறகு, "இல்லைங்க" என்றாள்.

அவள் எனக்காகத்தான் பொய் சொன்னாள் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், எனக்கு வந்தது கோபம்தான். அவளுக்கு வியாதி இருக்கிறதே என்ற வருத்தம் வரவில்லை. என் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டதே என்று வந்தது. அவள் உடம்பில் இருந்ததை அதற்குள் என்னுடையது என்றே நினைக்க ஆரம்பித்திருந்தேன். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். கடம்பத்தூர் தாண்டியதும் சொன்னேன்.

"எல்லாருக்கும் போன் போட்டு சொன்னியே. இப்ப இன்னான்னு சொல்லுவ?"

திருவாலங்காடு தாண்டிய பிறகு, "மன்னிச்சுக்க பாவா" என்றாள்.

முகாமில் கொடுத்த சீட்டைப் பற்றி அவள் அப்போதும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் பேசியிருந்தால் அந்த ரயிலிலேயே சண்டை போட்டிருப்பேன். அவளுக்கு அது தெரியும்.

அவளுக்கு இரண்டு மாத்திரை கொடுத்தார்கள். அதில் ஒன்று உடம்பில் இருக்கும் அதிக உப்பையும் நீரையும் சிறுநீராக இறக்குவது. போட்டு ஒரு மணி நேரத்தில் அடிக்கடி போக வேண்டியிருக்கும். டயாலிசிஸ் நாட்களில் காலை ஆறரை மணி வண்டியைப் பிடிப்போம். எங்கள் ஊர் மின்ரயிலில் கழிப்பறை கிடையாது. முதல் வாரம் அவள் அரக்கோணத்தில் இறங்கி ஓடினாள், நானும் இறங்கினேன், வண்டி போய்விட்டது, ஒன்றரை மணி நேரம் தாமதமாகப் போனோம். மிஷினை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் மதியம்வரை காத்திருந்தேன். காத்திருந்த நேரம் முழுவதும் அவளிடம் பேசவில்லை.

அடுத்த தடவை காலையில், "இன்னிக்கி மாத்திர வேணாம் பாவா. ரயில்ல எங்க போறது?" என்றாள்.

"ஆங், நாளைக்குப் போட்டுக்க" என்றேன்.

ஒரு மாத்திரைதானே அப்படி, இன்னொன்றைப் போடலாமே என்று நானும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. இரண்டும் ஒரே உறையில் இருந்தன, இரண்டையும் விட்டுவிட்டாள். ஏழு நாளில் மூன்று நாள் மருந்து இல்லை. கோமதி வாங்கிக் கொடுத்த அளக்கும் மிஷின் வீட்டில் இருந்தது. தினமும் காலையும் மாலையும் சுகுணா என் கையில் கட்டி அளந்து நோட்டில் எழுதுவாள். கட்டிய பட்டையைக் கழற்றி அவள் கையில் மாட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் மாட்டவில்லை. அதற்குப் பதிலாக அவளிடம் கேட்பேன்.

"தலகில வலிக்குதா?"

"இல்ல பாவா. நல்லாத்தான் கீறேன்."

இது எனக்குச் சிறுநீரகம் போன பிறகு. கண் டாக்டர் சொன்ன பிறகு. டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகள் அத்தனையும் நினைவில் இருந்தபோதே நான் இப்படிக் கேட்டேன். அவள் வலியில்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. யார் என்னை ரயிலில் கூட்டிப்போவார்கள் என்ற பயம் அன்றைக்கு இல்லை, அவ்வளவுதான்.

டயாலிசிஸ் ஆரம்பித்த ஏழாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். சுகுணா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிளிப் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள், மறுபடி விழுந்தது. வலக் கையைத் தூக்கிப் பார்த்து, அது அவளுடையது இல்லை என்பதுபோல் சிரித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பாவா, தல வலிக்குது" என்றாள். முப்பது வருடத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பேச்சு குழறியது. அப்படியே ஈரத் துணிமேல் சரிந்தாள்.

ஆம்புலன்ஸில் அளந்தபோது இருநூற்று நாற்பது. மூளைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது. ஊரில் முதலுதவி செய்து, எனக்கு டயாலிசிஸ் செய்யும் அதே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு முதல் மாடி, டயாலிசிஸ் இரண்டாவது மாடி. அவள் வாயில் குழாய் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஐந்து நிமிடம் பார்க்கவிட்டார்கள். முகாமில் கொடுத்த சீட்டைத் துவைக்கப் போட்டுவிட்டேன் என்று அவள் காதில் சொன்னேன். அவளுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். அதை ஒத்துக்கொள்ள எனக்கு அவள் பேச முடியாமல் போக வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை டயாலிசிஸுக்கு நான் போகவில்லை. புதன்கிழமை காலை படுத்தால் மூச்சு முட்டியது, நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது என்றார்கள். அப்போதும் சுகுணா இருந்த அறை வாசலைவிட்டு நகரமாட்டேன் என்றேன். கோமதி என் முன்னால் வந்து நின்றாள். மூன்று நாளாகத் தலை வாராதவள்.

"நைனா, ரெண்டு பேரையும் சேத்து என்னால பாக்க முடியாது. ஒருத்தரு எப்படியும் பொழைக்கப் போறதில்ல. நீ போய்ப் படு."

அவள் கத்தவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நான் மேலே போய்ப் படுத்தேன்.

இடக் கையில் இரண்டு ஊசி குத்தி மிஷினோடு இணைத்தார்கள். ஓடும்போது பிரஷர் விழுந்துவிடாமல் பார்க்க, வலக் கையில் பட்டையைக் கட்டி வைப்பார்கள். ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்கும். கோமதி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். என் கால்மாட்டில் நின்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா போயிடுச்சி நைனா."

"கழட்டுங்க" என்றேன். டெக்னீஷியன் ஓடிவந்தார்.

"ரத்தம் மிஷின்ல இருக்குதுங்க ஐயா. அத உள்ள திருப்பி விட்டாதான் கழட்ட முடியும். பத்து நிமிஷம். அசையாதீங்க."

ஒரு மாடி கீழே அவள் கிடந்தாள். நான் எழ முடியாமல் கிடந்தேன். காதில் பெரிய இரைச்சல். நெற்றிப் பொட்டு துடித்தது, கண் மங்கியது, மண்டைக்குள் ஏதோ கிழிந்துகொண்டு போவதுபோல் இருந்தது. எனக்கும் குழாய் வெடிக்கப் போகிறது, இதோ வெடித்துவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்தது. எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

"பிரஷர் ஏறிடுச்சிங்க. பாருங்க" என்றேன்.

அவர் பொத்தானை அழுத்தினார். வலக் கையில் பட்டை இறுகி, மெல்லத் தளர்ந்தது. திரையைப் பார்த்தார்.

"நூத்தி இருபத்தாறு, எழுபத்தெட்டு. நல்லா இருக்குது ஐயா."

நான் நம்பவில்லை. இன்னொரு தடவை அளக்கச் சொன்னேன். கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மறுபடி அளந்தார்.

நூற்று இருபத்து நான்கு, எழுபத்தாறு. அதைத் தாளில் எழுதிக்கொண்டு, அடுத்த கட்டிலுக்குப் போனார்.